அரை நாள் தறி, மறுநாளும் அசதி: ஏன்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் பாலராமபுரம் கைத்தறிக்காகக் குழித்தறி மிதிப்பவர்களும், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் உண்டு. இவர்களில் முடக்குவாதம் உள்ளவர் அரை நாள் வேலை செய்து படுத்தால் மறுநாளும் எழ முடிவதில்லை. வீட்டில் அதைச் சோம்பல் என்பது பெரிய அநியாயம்.

இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. அப்போது பெருகும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்களின் சேதி மூளைவரை எட்டுகிறது. காய்ச்சலில் நம்மைப் படுக்கவைப்பதும் இவைதான். கல்லீரலை ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரக்கத் தூண்டுவதும் இன்டர்லூகின்-6தான். ஹெப்சிடின் இரும்பைச் செல்களுக்குள்ளேயே பூட்டிவிடும்; ரத்தம் ஊற இரும்பு கிட்டாமல் ரத்தசோகை வரும். கீரையும் மீனும் தின்றாலும் இந்த ரத்தசோகை எளிதில் தீராது. தசையும் கரைகிறது. அதே மிதிக்கு மிச்சத் தசை கூடுதலாக உழைக்க வேண்டும். வலியில் தூக்கமும் கெடும்.

அதற்காக அசையாமல் கிடந்தால் தசை இன்னும் மெலியும். ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவக் கூட்டமைப்பு அசதிக்காக வகுத்த 2023 பரிந்துரைகளில் ஆளுக்கேற்ற உடற்பயிற்சியும் உண்டு. களைத்த பிறகல்ல, களைக்கும் முன்பே தறியை விட்டு எழுந்து கொஞ்சம் நடங்கள். மூட்டு வீங்கிச் சுடும் நாளில் வேலையைக் குறையுங்கள். அசதி விடாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி, ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.