‘மே’யா, ‘ஷல்’லா? ஒரு மசோதா சொல்லித் தரும் இங்கிலீஷ் கிராமர்

கேன், மே, மஸ்ட், ஷல். இந்த மோடல் வெர்ப்ஸ்ல எதை எங்கே போடுறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஸ்கூல்ல இதை ஒரு டேபிளா போட்டு மனப்பாடம் பண்ண வெச்சிருப்பாங்க: கேன்னா திறமை, மேன்னா அனுமதி, மஸ்ட்னா கட்டாயம். தப்பில்லை. ஆனா மோடல் மாறினா முடிவு யார் கையில இருக்குங்கிறதும் மாறும். அதை அந்த டேபிள் சொல்லாது.

இதுக்கு நான் பார்த்த சிறந்த உதாரணம் கிராமர் புக்ல இல்லை. சைதாப்பேட்டையிலிருந்து மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டி, சின்னமலை வழியா கிண்டிக்குப் போனா ஆளுநர் மாளிகை வரும். அங்கே கையெழுத்துக்குக் காத்திருந்த மசோதாக்களோட கதைதான் அது.

சட்டமன்றம் நிறைவேற்றுகிற மசோதாவை ஆளுநர் என்ன செய்யணும்னு அரசியலமைப்புச் சட்டத்தின் 200-வது பிரிவு சொல்லுது. ஒப்புதல் தருகிறேன், ஒப்புதலை நிறுத்தி வைக்கிறேன், குடியரசுத் தலைவருக்கு அனுப்புகிறேன். இந்த மூணுல ஒண்ணை அவர் ‘ஷல்’ அறிவிக்கணும். அதாவது எதையாவது ஒண்ணைச் சொல்லியே ஆகணும். அடுத்து, மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புவதற்கு வர்ற வார்த்தை ‘மே’. அனுப்பலாம். அப்படித் திரும்பி வந்ததைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினா? ‘ஷல் நாட்’. ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒரே பிரிவுக்குள்ள கட்டாயம், விருப்பம், தடை மூணும் இருக்கு.

2023 நவம்பர் 13-ல் தமிழ்நாடு ஆளுநர் ஆர்.என்.ரவி 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்தி வைத்தார். நவம்பர் 18-ல் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் நடத்தி அதே 10 மசோதாக்களை மறுபடி நிறைவேற்றியது. நவம்பர் 28-ல் அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றத்தில். 2025 ஏப்ரல் 8-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, அப்படி அனுப்பியது செல்லாது என்றது. 142-வது பிரிவைப் பயன்படுத்தி, 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் சொன்னது. முடிவெடுக்க ஒரு மாசம், மூணு மாசம்னு கெடுவும் விதித்தது.

கதை அங்கே முடியலை. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்க, 2025 நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்து சொன்னது: நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் தந்ததாகக் கருதுவது’ என்ற வழியும் கிடையாது. ஆனா காரணமே சொல்லாம காலவரையறையின்றி இழுத்தடிச்சா, முடிவெடுங்கன்னு மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இதுல கிராமர் எங்கே இருக்குன்னு கேட்டா, ‘ஷல்’ கடமையைச் சொல்லும், தேதியைச் சொல்லாது. 200-வது பிரிவுல ‘கூடிய விரைவில்’ங்கிற சொல் வர்றதுகூட ‘மே’ வர்ற வாக்கியத்துலதான். என்னைக் கேட்டா, தேதியில்லாத ‘ஷல்’ பாதிக் கட்டாயம்தான்.

நமக்கு இது ஏன் குழப்புதுன்னா, தமிழ்ல ஒரே விகுதி பல வேலை பார்க்குது. ‘போகலாம்’னா அனுமதி (நீ போகலாம்), அழைப்பு (வா, போகலாம்), சாத்தியம் (பஸ் லேட்டாகலாம்) எல்லாமே. ‘நான் போகணும்’னா ஆசையா, கட்டாயமான்னு குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ‘நாளைக்கு வர வேண்டாம்’ இன்னும் மோசம். வரக் கூடாதுன்னும் எடுத்துக்கலாம், வர அவசியமில்லைன்னும் எடுத்துக்கலாம். இங்கிலீஷ்ல முதலாவது ‘மஸ்ட் நாட்’, ரெண்டாவது ‘டோண்ட் ஹேவ் டு’. ‘யூ டோண்ட் ஹேவ் டு கம்’னு மேனேஜர் மெயில் போட்டா, ஆபீஸ் கதவு திறந்துதான் இருக்கு. ‘மஸ்ட் நாட்’னு போட்டா வீட்டுலயே இருங்க.

பேச்சுல ‘ஷல்’ இப்போ அபூர்வம். ஆனா கையெழுத்துப் போடுற பேப்பர்ல அது உயிரோட இருக்கு. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. வாடகைக்கு இருக்கிறவர் அஞ்சாம் தேதிக்குள்ள பணம் ‘ஷல்’ கட்டணும். அட்வான்ஸ்ல ரிப்பேர் செலவை வீட்டு ஓனர் ‘மே’ கழிச்சுக்கலாம். ரெண்டு வாக்கியமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். அட்வான்ஸைத் திருப்பித் தர்ற வரியில ‘மே’ இருந்தா, அதை ‘ஷல்’னு மாத்தச் சொல்லுங்க, எத்தனை நாளுக்குள்ளன்னும் எழுதி வாங்குங்க. நீதிமன்றம் சில சமயம் சூழலைப் பார்த்து ‘மே’யைக் கட்டாயம்னே படிச்சிருக்கு, அது உண்மைதான். ஆனா அதுக்கு நீங்க கோர்ட் வரைக்கும் போகணும்.

அடுத்த எபிசோடுல ‘வுட்’. ‘ஐ வுட் பி கமிங் டுமாரோ’ன்னு நம்ம ஊர்ல ஏன் எல்லாரும் சொல்றோம்னு பார்ப்போம்.