காரில் புதிய ஸ்பீக்கர், சப்வூஃபர்: பெட்டியில் உள்ள வாட் எண்ணை விட வயரிங்கே முக்கியம்

புதுதில்லி: இந்தியாவில் ஒரே மாடல் காரை வாங்கும் இருவருக்கு ஒரே தரமான இசை அமைப்பு கிடைப்பதில்லை. ஹூண்டாய் கிரெட்டாவின் உயர்நிலை வேரியண்ட்டில் 8 ஸ்பீக்கர்கள் கொண்ட போஸ் அமைப்பும், மஹிந்திரா எக்ஸ்யூவி700 காரின் உயர்நிலை வேரியண்ட்டில் 12 ஸ்பீக்கர்கள் கொண்ட சோனி அமைப்பும் வழங்கப்பட்டன. பல நிறுவனங்களின் தொடக்க வேரியண்ட்டுகளிலோ இரண்டு அல்லது நான்கு சாதாரண ஸ்பீக்கர்களே இருக்கும். சிலவற்றில் ஸ்டீரியோ பொருத்துவதற்கான காலி இடம் மட்டுமே இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் தில்லி கரோல்பாக், பெங்களூரு ஜே.சி. சாலை, சென்னை ஜி.பி. சாலை போன்ற கார் துணைக்கருவிச் சந்தைகளுக்கு மக்கள் செல்கின்றனர். அங்கு பேரம் பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்டுள்ள வாட் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் வாங்கிய ஸ்பீக்கர் சுமாராக அமைந்தால் ஏற்படும் இழப்பு சில ஆயிரம் ரூபாய் மட்டுமே. தவறான வயரிங்கால் காரின் வாரண்டி, காப்பீட்டுத் தொகை, சில நேரங்களில் காரே பறிபோகக்கூடும்.

'50 வாட்' எங்கிருந்து வருகிறது?

கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான ஸ்டீரியோக்களின் மீது '50 வாட் x 4' என்று எழுதப்பட்டிருக்கும். எஞ்சின் இயங்கும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். 14.4-ஐ அதே எண்ணால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 52. பெட்டியில் உள்ள எண்ணின் பிறப்பிடம் இதுவே. ஒலி முற்றிலும் சிதைந்து, வெறும் இரைச்சலாக மாறும் நிலையில் மட்டுமே இந்த அளவு சாத்தியம்.

சிதைவில்லாத ஒலிக்கு உச்ச வரம்பு இதில் பாதி, அதாவது சுமார் 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்புகளைக் கழித்தால், ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் கிடைப்பது 15 முதல் 20 வாட் வரைதான். விவரக் குறிப்பில் 'ஆர்எம்எஸ்' என்று சிறிய எழுத்தில் காணப்படும் எண்ணே இது. ஸ்டீரியோ, ஸ்பீக்கர், சப்வூஃபர் எதை வாங்கினாலும் ஒப்பிட வேண்டியது ஆர்எம்எஸ் எண்ணை மட்டுமே. '1,200 வாட்' போன்ற பெரிய எழுத்துகளை விளம்பரமாகக் கருதி விட்டுவிடலாம்.

இந்த வரம்பைத் தாண்டுவதற்காகவே தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுகிறது. அது பேட்டரியின் மின்னழுத்தத்தைத் தனக்குள் உயர்த்திக்கொண்டு ஸ்பீக்கருக்குக் கூடுதல் ஆற்றலை வழங்குகிறது. அந்த ஆற்றல் அனைத்தும் பேட்டரியிலிருந்து ஒரு கம்பி வழியாகத்தான் வர வேண்டும். வயரிங்கின் முக்கியத்துவம் இங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் முன் கதவு, பிறகு சப்வூஃபர்

பலர் முதலில் சப்வூஃபரை வாங்குகின்றனர். அதிர்வு உடனே தெரியும் என்பதால் கடைக்காரர்களும் அதையே முன்னிறுத்துகின்றனர். எனினும் பாடலில் குரலும் பெரும்பாலான இசைக்கருவிகளும் முன் கதவு ஸ்பீக்கர்களிலிருந்தே ஓட்டுநரின் காதை அடைகின்றன. குறைந்த செலவில் அதிக மாற்றம் வேண்டுவோர் முன்பக்க ஸ்பீக்கர்களை மாற்றுவதிலிருந்து தொடங்குவதே பொருத்தம். பின் கதவு ஸ்பீக்கர்களைப் பழையபடியே விட்டுவிடலாம்.

கதவும் கவனத்துக்குரியது. மெல்லிய தகட்டால் ஆன கதவு, ஸ்பீக்கருடன் சேர்ந்து அதிர்ந்து ஒலியைக் கெடுக்கிறது. தகட்டின் உட்புறத்தில் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டினால் இந்த அதிர்வு அடங்கும். அதே ஸ்பீக்கர் புதியது போல ஒலிப்பதை இதன் பிறகு பலர் உணர்கின்றனர். ஆனால் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் புகுந்து, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும் வகையில்தான் கார்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. ஷீட் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். உட்புறப் பலகைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்துவிட்டால், முதல் பருவமழையிலேயே புதிய ஸ்பீக்கர் நனையும்.

சப்வூஃபரைப் பொறுத்தவரை, சிறிய கார்களுக்கு முன் இருக்கைக்கு அடியில் வைக்கும் 8 அங்குல வகை பெரும்பாலும் போதுமானது. ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கும். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும் சிஎன்ஜி கார்களில் இதைத் தவிர வேறு வழியும் அரிது. டிக்கியில் 10 அல்லது 12 அங்குலப் பெட்டி வைப்போர், முழுவதும் மூடிய பெட்டியா, துளையுள்ள பெட்டியா என்று கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். மூடிய பெட்டி இடத்தைக் குறைவாக எடுத்துக்கொண்டு, தாளத்தைத் தெளிவாகத் தரும். துளையுள்ளது அதே ஆற்றலில் உரக்க முழங்கும்.

பொருத்திய பிறகு, சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்கும், அதற்கு மேலானது கதவு ஸ்பீக்கர்களுக்கும் செல்லுமாறு பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கதவு ஸ்பீக்கர்கள் தம்மால் இயலாத ஆழ்ந்த ஒலியைத் தர முயன்று கிழியும். ஒரு ஸ்பீக்கரின் இரு கம்பிகள் மட்டும் இடம் மாறியிருந்தாலும் தாள ஒலி மங்கிவிடும். ஒன்று முன்னோக்கி நகரும்போது மற்றொன்று பின்னோக்கி நகர்ந்து ஒலியை அழிப்பதே இதற்குக் காரணம். புதிய அமைப்பில் தாளம் குறைந்துவிட்டதாகத் தோன்றினால் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே.

ஒரு கம்பி, ஒரு ஃபியூஸ்

நான்கு ஸ்பீக்கர்களுக்குத் தலா 50 வாட், சப்வூஃபருக்கு 300 வாட் என மொத்தம் 500 வாட் தரும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயரின் திறன் 80 சதவீதம் என்றால், அது பேட்டரியிலிருந்து சுமார் 625 வாட்டை இழுக்கும். 13.8 வோல்ட்டில் இது ஏறத்தாழ 45 ஆம்பியர். இசை ஏறி இறங்குவதால் சராசரி இதைவிடக் குறைவாக இருந்தாலும், கம்பி இந்த உச்சத்தைத் தாங்க வேண்டும். காரின் பழைய ஸ்டீரியோவுக்கான மின்சுற்றில் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் ஃபியூஸே இருக்கும். எனவே அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் எடுப்பதும், ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரியதை மாற்றிப் போடுவதும் ஆபத்தானவை. ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் கம்பி எரியும்.

பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் பொருத்துவதே சரியான முறை. ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் மட்டும் ஃபியூஸ் இருப்பது போதாது. எஞ்சின் பகுதிக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலான தகட்டைக் கம்பி கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையெனில், நாளடைவில் உறை தேய்ந்து கம்பி தகட்டைத் தொடும். அப்போது பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைப் பாய்ச்சும். அதைத் தடுக்கக்கூடியது பேட்டரி அருகே உள்ள ஃபியூஸ் மட்டுமே.

கம்பியிலும் ஏமாற்று உண்டு. கேஜ் எண் குறையக் குறையக் கம்பியின் தடிமன் கூடும். மலிவான கம்பித் தொகுப்புகள் பலவற்றில் செம்பு முலாம் பூசிய அலுமினியமே விற்கப்படுகிறது. அதே தடிமனுள்ள செம்புடன் ஒப்பிட்டால் இது மின்சாரத்தைக் கடத்தும் திறன் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்துவிடும். எர்த் கம்பியோ குறுகியதாக, பெயின்ட் சுரண்டப்பட்ட தகட்டில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரை இயக்கும் மெல்லிய ரிமோட் கம்பியை நிரந்தர மின் இணைப்பில் சேர்த்துவிட்டால், காரை அணைத்த பிறகும் அது விழித்தே இருக்கும். சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாக உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி, வார விடுமுறை முடிந்து திரும்புவதற்குள் காலியாகிவிட வாய்ப்புண்டு.

மஞ்சள் கப்ளரைத் தொடக் கூடாது

பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், அது முன்கண்ணாடி ஓரத் தூணின் உறைக்குப் பின்னாலிருந்தும் விரியும். டுவீட்டரைப் பொருத்துவதற்காக அந்த உறையில் துளையிடுவது பல கடைகளில் வழக்கம். விபத்தின்போது ஏர்பேக் விரிவதை அது தடுக்கலாம், அல்லது டுவீட்டரே பயணியை நோக்கித் தெறிக்கலாம். கதவின் மேல்மூலையோ, நிறுவனமே டுவீட்டருக்காக விட்டுள்ள இடமோ பாதுகாப்பானது. இருக்கைக்கு அடியில் காணப்படும் மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக், சீட் பெல்ட் அமைப்புக்கு உரியவை. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. இசை அமைப்புக்கான மின்சாரம் 12 வோல்ட் துணை பேட்டரியிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டும்.

புதிய கார்களில் தொடுதிரையைக் கழற்றினால் ஸ்டீயரிங் பொத்தான்கள், ரிவர்ஸ் கேமரா, சில வாகன அமைப்புகள் ஆகியவையும் செயலிழக்கக்கூடும். அத்தகைய கார்களில் திரையை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் கம்பிகளிலிருந்தே ஒலியைப் பெறும் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயரைச் சேர்ப்பது நல்லது. அதையும் கம்பியை வெட்டாமல், அந்தந்த மாடலுக்கான கப்ளர் மூலம் இணைக்க முடியும். கப்ளருக்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த வெட்டி ஒட்டுவதுதான் பின்னர் வாரண்டி தகராறாக மாறுகிறது. வெளியாரின் வயரிங்கால் ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனங்களின் வாரண்டி விதிகள் பொதுவாக இழப்பீடு தருவதில்லை. நிறுவனத்தின் சொந்தத் துணைக்கருவிப் பட்டியலில் உள்ளதை டீலரிடமே பொருத்தினால் விலை கூடும். ஆனால் இந்தத் தகராறு எழாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணான மாற்றங்களைத் தடுக்கிறது. ஸ்டீரியோ பற்றிய குறிப்பு சான்றிதழில் இடம்பெறுவதில்லை என்பதால், அதை மாற்றுவது பொதுவாக இந்தத் தடைக்குள் வராது. ஒலியின் அளவுக்கு வரம்பு உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல்லும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லும் அனுமதிக்கப்பட்ட அளவாகும்.

காப்பீட்டில், நிறுவனம் அறிவித்த கார் விலையில் அடங்காத மின்னணுப் பொருள்களை ஐஎம்டி 24 என்ற கூடுதல் பிரிவின் கீழ், தனி பிரீமியம் செலுத்திச் சேர்க்க வேண்டும். சேர்க்காத ஸ்டீரியோ திருடப்பட்டாலோ எரிந்தாலோ அதன் மதிப்பு கிடைக்காது. ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய ரசீதில் ஒவ்வொரு பொருளின் மாடலும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், பாலிசியில் சேர்ப்பதும் பின்னர் இழப்பீடு கோருவதும் எளிதாகும். பாலிசியைப் புதுப்பிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பொருத்திய உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.