வண்டி செல்லும் வழியும் சங்கத்தின் சிக்கனமும்

சரக்கு வண்டிக்கு ஆகும் டீஸல் செலவு சங்கத்தின் பேரேட்டில் ஒரே வரியாக எழுதப்படுகிறது. அந்த வரியை ஈடு செய்வது யார் என்று ஆராய்ந்தால், நெசவாளரின் கூலியிலும் விவசாயிக்குக் கிடைக்கும் விலையிலும் அது கழிவது தெரியவரும். டீஸலின் விலை நம் கையில் இல்லை. வண்டி எவ்வழியே செல்ல வேண்டும் என்பதோ நம் கையில்தான் இருக்கிறது.

இவ்விஷயத்தில் கூட்டுறவாளர்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலானோர் தொடங்கிய கடையை அங்கத்தினர்கள் அறிவார்கள். அவ்வழி வந்த சங்கங்களுக்குச் சரக்கு வாங்கித் தருவதற்காக 1863-ல் மான்செஸ்டரில் மொத்த விற்பனைச் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. அச்சங்கத்தைச் சேர்ந்த கிளார்க் என்பவரும், அந்நகர்க் கல்லூரியொன்றைச் சேர்ந்த ரைட் என்பவரும் 1964-ல் வெளியிட்ட ஒரு கணக்கு முறையே, ஒரு கிடங்கிலிருந்து பல இடங்களுக்கு வண்டி அனுப்புவோர்க்கு இன்றளவும் பயன்பட்டு வருகிறது. எளிய கழித்தல் கணக்குத்தான்.

கிடங்கிலிருந்து ஓர் ஊர் 10 கிலோமீட்டர், மற்றோர் ஊர் 12 கிலோமீட்டர், இவற்றிடையே 4 கிலோமீட்டர் என்று கொள்வோம். தனித்தனியே போய்த் திரும்பினால் 44 கிலோமீட்டர். ஒரே நடையில் இரண்டையும் முடித்தால் 26. மிச்சம் 18. அதாவது, கிடங்கிலிருந்து உள்ள இரு தூரங்களையும் கூட்டி, இடைத்தூரத்தைக் கழித்தால் வருவதே மிச்சம். ஊர்களை இரண்டிரண்டாக எடுத்து இவ்வாறு கணக்கிட்டு, மிச்சம் அதிகமுள்ள ஜோடியிலிருந்து தொடங்கி, வண்டி தாங்கும் பாரம் வரையில் இணைத்துக்கொண்டே போகவேண்டும். தூரங்களைக் கைப்பேசி வரைபடத்திலேயே பார்த்துக் கொள்ளலாம்.

இக்கணக்கு நம் வழக்கத்திற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறது. அருகிலிருக்கும் ஊர்களை முதலில் சேர்த்துவிட்டு, தூரத்து ஊர்களுக்கு எஞ்சிய இடத்தை ஒதுக்குவதே பெரும்பாலோர் பழக்கம். ஆனால் பெரிய மிச்சம் கிடைப்பது, கிடங்குக்குத் தொலைவிலும் ஒன்றுக்கொன்று அண்மையிலும் உள்ள ஊர்களை இணைப்பதில்தான். ஆகவே கடைக்கோடியிலிருந்தே திட்டமிடத் தொடங்குதல் வேண்டும்.

இம்முறை தருவது மிகச் சிறந்த வழியேதானா என்றால், எப்போதும் அப்படியென்று சொல்வதற்கில்லை. பத்து ஊர்களைச் சுற்றிவர 36,28,800 வரிசைகள் உண்டு. அத்தனையையும் எழுதிப் பார்க்க எந்தக் குமாஸ்தாவுக்குப் பொறுமை இருக்கும்? போதிய அளவு நல்ல வழி விரைவில் கிடைப்பதே லாபம்.

பாவும் ஊடை நூலும் கொண்டு செல்லும் வண்டி, நெய்த சேலைகளை அதே நடையில் ஏற்றி வருவது நலம். காய்கறியை மட்டும் இதனோடு சேர்க்கலாகாது. அது விடியுமுன் சந்தை சேர வேண்டியது; அதன் ஈரமும் நூலுக்கு ஆகாது.

சிக்கனத்தைப் பேசும்போது நியாயத்தையும் பேசியாக வேண்டும். சுற்றில் கடைசியாக நிற்கும் ஊர் என்றும் கடைசியாகவே இருக்குமானால், அங்குள்ள தறிகள் பாவுக்காகக் காத்துக் கிடக்கும். அந்தக் கூலி நஷ்டம் டீஸல் கணக்கில் ஏறுவதில்லை. இதற்குப் பரிகாரம் கையிலேயே இருக்கிறது. ஒரு சுற்றை எத்திசையில் சுற்றினாலும் பொதுவாகத் தூரம் ஒன்றே. ஆகவே ஒரு வாரம் வலமாகவும் மறுவாரம் இடமாகவும் வண்டியை அனுப்பினால், கடைசி ஊர் முதல் ஊராகும். பாரமான சிப்பங்களை நெடுந்தூரம் சுமப்பதால் சிறிது எண்ணெய் கூடுதலாகலாம். அச்செலவைச் சங்கம் ஏற்பதே முறை என்பது நம் கருத்து. பாதையை விட்டு விலகி, இரண்டே தறிகள் உள்ள குக்கிராமத்தையும் இக்கணக்கைக் காட்டி ஒதுக்கிவிடக் கூடாது. அங்கத்தினர் எங்கே இருந்தாலும் அங்கத்தினரே.

ஊர்த் தூரப் பட்டியலைக் காரியதரிசிகள் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டி வைப்பார்களாக. ரயில்வே கேட் மூடும் நேரம், சந்தை கூடும் நாள், மழையில் வண்டி புதையும் மண்பாதை ஆகியவற்றை அவ்வவ்வூர் அங்கத்தினர்களே அப்பட்டியலில் எழுதிச் சேர்க்கலாம்.