ஒருவரின் ஒப்புதல், ஒரு சேரியின் மரபணு

வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. சிபிசிஐடி நீதிமன்ற அனுமதியுடன் டிஎன்ஏ சோதனைக்கு மாதிரி கேட்டபோது, பாதிக்கப்பட்ட மக்களிலேயே பலர் தர மறுத்தனர். தங்களையே குற்றவாளிகளாக்குவார்கள் என்று அவர்கள் அஞ்சினர். 2025 ஜனவரியில் வெளிவந்த குற்றப்பத்திரிகையும் மூன்று தலித் இளைஞர்கள் மீதே குற்றஞ்சாட்டியது. அங்கே, எதிர்த்து வாதிட நீதிமன்றமாவது இருந்தது. பூர்வீகம் அறியலாம் என்று தனியார் நிறுவனங்கள் விற்கும் டிஎன்ஏ சோதனையில் அதுவும் இல்லை.

இச்சோதனையில், வாடிக்கையாளர் அனுப்பும் உமிழ்நீரிலிருந்து மரபணுக் கூறுகள் படிக்கப்பட்டு, ஏற்கெனவே சேர்ந்துள்ள தரவுகளுடன் ஒப்பிடப்படுகின்றன. பொதுவான துண்டுகள் நீளமாக இருந்தால் உறவு நெருக்கமானது. ஆகவே, சோதனையே செய்யாத உறவினரும் அகப்படுவார். 2018இல் கலிஃபோர்னியக் காவல்துறை, பல்லாண்டுகளாகத் தேடிய தொடர் கொலையாளியை அவருடைய தூரத்து உறவினர்களின் தரவு வழியாகவே கண்டுபிடித்தது.

அதே வழியில் திருடரும் நுழையலாம். 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தின் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், உறவினர் தேடும் வசதியின் மூலம் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தனர். யூதர், சீன வம்சாவளியினர் எனப் பட்டியலிட்டு விற்பனைக்கும் வைத்தனர். 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. மக்கள் நம்பிக் கொடுத்த மரபணுத் தரவு, விலைபேசப்படும் சொத்தாயிற்று.

நமக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சாதியின் சாரம் அகமணமே என்று அம்பேத்கர் 1916இலேயே நிறுவினார். தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்த சமூகத்தில், சிலர் தரும் மாதிரியே பலரைக் காட்டிக்கொடுக்கும். சட்டமோ தனிநபரின் ஒப்புதலை மட்டுமே கேட்கிறது.

டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணுத் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு எதையும் வகுக்கவில்லை. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசுக்குத் தந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைதானவர்களிடம் உயிரியல் மாதிரிகளை எடுக்கவும், பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் இடமளிக்கிறது.

இப்பதிவுகளில் யார் முதலில் சேர்க்கப்படுவார்கள்? திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் திருட்டு வழக்கென்றால் இருளர்களைப் பிடித்துச் செல்லும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு விடை தெரியும். ஒருவர் மீது போடப்படும் பொய்வழக்கு, அவருடைய உறவினர் அனைவரையும் நிரந்தரச் சந்தேகத்துக்குள் தள்ளக்கூடும். பரம்பரையையே குற்றமாக்கிய 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வகத்தின் வழியே திரும்பிவர அனுமதிக்கலாகாது.

புட்டசாமி வழக்கில் 2017இல் உறுதிசெய்யப்பட்ட அந்தரங்க உரிமை, மரபணுவுக்கும் உரியது. தனியார் தரவுகளைக் காவல்துறை நீதிமன்ற ஆணையின்றித் தொடக்கூடாது. நிறுவனம் கைமாறினாலும் தரவு கைமாறக்கூடாது. கேட்டவுடன் மாதிரியும் தரவும் அழிக்கப்பட வேண்டும். இவற்றைச் சட்டமாக்கக் கோருவோம். அதுவரை, ஆர்வத்தால் உமிழ்நீரை அனுப்ப எண்ணும் மாணவர்கள் முதலில் தம் உறவினர்களிடம் பேச வேண்டும். அது அவர்களுடைய மரபணுவும்தான்.