வீட்டு முயல்: இனப்பெருக்கமும் கூட்டில் இணக்கமும்

கமக்காரரின் வளவில் ஆடும் கோழியும் இடம்பெறுவது போல முயலும் இடம்பெறத் தக்கதே. வயல் வரம்பிற் செதுக்கும் புல்லையும், மரக்கறிப் பாத்திகளில் மிஞ்சும் இலைகுழைகளையும் அது இறைச்சியாகவும் எருவாகவும் மாற்றித் தருகின்றது. இரண்டு பெண்முயல்களையும் ஓர் ஆணையும் வைத்துத் தொடங்குவதற்குப் பெருமுதல் வேண்டுவதில்லை. எனினும், ஆர்வத்தோடு தொடங்கிய சிலர் ஓராண்டு நிறையுமுன் வெறுங் கூடுகளுடன் நிற்கின்றனர். இதற்கு நோய் ஒரு காரணம்; வெப்பம் மற்றொன்று. அதிகம் கவனிக்கப்படாத காரணமும் ஒன்றுண்டு. எந்த முயலை எதனோடு, எப்பொழுது சேர்த்து விடுதல் வேண்டும் என்பதை அறியாமையே அது.

வீட்டு முயலும் நமது பற்றைக் காடுகளில் ஓடும் முயலும் ஓரினத்தவையல்ல. வீட்டு முயல் ஐரோப்பாவின் ஐபீரியக் குடாநாட்டில் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த முயலின் வழிவந்தது. நமது காட்டு முயலின் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றிக் கண்மூடிப் பிறக்கும். இவ்விரண்டும் கலந்து குட்டி ஈனா. ஆதலால், காட்டிற் பிடித்த முயலைக் கூட்டிலிட்டு இனம்பெருக்க எண்ணுதல் வீண். வளையிற் கூட்டமாக வாழ்ந்த காலத்திலும், பெண்முயல் தான் ஈனும் இடத்தை மற்றொன்று அணுகவிடாது காத்தது; அயல் முயலின் குட்டிகளைக் கொன்றதும் உண்டு. கூட்டிற் பிறந்து வளரும் முயலிடத்தும் இவ்வியல்பு மாறவில்லை. அது துணையை நாடும். ஆனால் தன் இடத்துள் அந்நியம் புகுவதைப் பொறுக்காது.

இணைசேர்க்கும் முறையும் இவ்வியல்பை ஒட்டியதே. பெண்முயலை ஆண்முயலின் கூட்டுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஆணைப் பெண்ணின் கூட்டில் ஒருபோதும் விடலாகாது. அவ்வாறு விட்டால் பெண் அதனைக் கடித்துக் காயப்படுத்தக் கூடும். ஆணும் புதிய இடத்தை மோந்து திரிவதிலேயே பொழுதைக் கழிக்கும். இணைசேர்ந்தவுடன் பெண்ணை அதன் கூட்டுக்குத் திருப்பிவிடுக. பசுவுக்குப் போல முயலுக்கு ஒழுங்கான வேட்கைச் சுற்று இல்லை. இணைசேர்ந்து ஏறக்குறைய 10 மணித்தியாலத்தின் பின்னரே முட்டைகள் வெளிப்படும். இதனால் ஒரு தொல்லையும் உண்டு. ஒரே கூட்டிலிருக்கும் பெண்முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், அதனாலேயே பொய்ச்சினை உண்டாகலாம். அம்முயல் 16 முதல் 18 நாள் வரை சினைப்படாது. ஈறில் உரோமத்தைப் பிடுங்கிக் கூடுகட்டவுந் தொடங்கும். ஆகவே, இனப்பெருக்கத்துக்கெனத் தெரிந்த பெண்முயலை 18 நாள் வரை தனியே வைத்த பின்னர் ஆணிடம் கொண்டுசெல்லுதல் நன்று.

நியூசிலாந்து வெள்ளை போன்ற நடுத்தர இனங்களில் பெண்ணுக்கு 5 அல்லது 6 மாதமும் ஆணுக்கு 6 மாதமும் நிறைந்திருத்தல் வேண்டும். இணைசேர்த்து இரண்டு வாரமளவில் வயிற்றை மெல்லத் தடவினால், போளையளவான உருண்டைகள் விரலுக்குத் தட்டுப்படும். அழுத்திப் பார்ப்பது கருவைக் கெடுக்கும். சினைக்காலம் 31 நாளளவாகும். 27ஆம் அல்லது 28ஆம் நாளில் உலர்ந்த வைக்கோல் இட்ட பலகைப் பெட்டியைக் கூட்டினுள் வைக்க. முன்னதாக வைத்தால் முயல் அதை மலசலத்தால் அசுத்தப்படுத்தும். பிந்தினால் குட்டிகள் கம்பித் தளத்தில் வீழ்ந்து குளிரில் இறக்கும். தாய்முயல் குட்டியை வாயாற் கவ்வி மீண்டும் பெட்டிக்குள் இடுவதில்லை என்பதை நினைவிற் கொள்ளுக.

ஈன்ற முதல் வாரமே இழப்பு மிகுந்த காலமாகும். நாய் குரைத்தாலும், எலியோ கீரியோ பாம்போ கூட்டருகே வந்தாலும், தாய் வெருண்டு பெட்டியினுட் பாய்ந்து குட்டிகளை மிதித்துவிடும். சில வேளை தின்றும் விடும். நாளொன்றுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே அது பாலூட்டும். குட்டிகளை நாடாமற் கிடக்கிறதே என்று வீட்டார் அஞ்சிப் பெட்டியை அடிக்கடி கிளறுதல் தகாது. வயிறு நிறைந்து உருண்டிருக்கும் குட்டி பால் குடித்த குட்டியே. குட்டிகள் மிகுதியாயின், ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஈன்ற மற்றொரு முயலின் குட்டிகளோடு சிலவற்றைச் சேர்க்கலாம். முதலில் அப்பெட்டியிலுள்ள வைக்கோலிலும் உரோமத்திலும் அவற்றைப் புரட்டி எடுத்தல் வேண்டும்.

ஏறக்குறைய 6 வாரத்திற் பால் மறக்கச் செய்து, ஆண் பெண் பிரித்தறிக. இதிற் பிழைத்தமையால் எதிர்பாராத குட்டிகளைப் பெற்றோர் பலர். உடன்பிறந்த பெண்கள் விசாலமான கூட்டில் ஒன்றாய் வளரலாம். ஆண்களை மூன்று மாதம் நிறையுமுன் பிரித்தல் வேண்டும்; அதன்பின் அவை ஒன்றையொன்று விதையிற் கடித்து ஊனப்படுத்தும்.

வளர்ந்த இரு முயல்களை இணக்கமாக்குவது பொறுமைக்குரிய வேலை. புதிதாக வாங்கியதை முதலில் இரண்டு வாரம் வேறாக வைத்து, தும்மல், மூக்கொழுகல், காதிற் சொறி உண்டா எனக் கவனிக்க. பின்னர் கம்பி வலை இடையிட்ட அடுத்தடுத்த கூடுகளில் இரண்டையும் விட்டு, வைக்கோலை மாற்றி மாற்றி இடுக. ஒன்றின் மணம் மற்றதற்குப் பழக்கமாகிய பின், இரண்டுக்கும் உரியதல்லாத ஓரிடத்தில் 10 அல்லது 15 நிமிடம் சந்திக்க விடுக. காதைப் பின்சாய்த்து, வாலை உயர்த்தி, வட்டமிடத் தொடங்கினால் பலகையை இடையே செருகிப் பிரிக்க. வெறுங் கையை நீட்டுபவர் கடிபடுவர். ஒன்று மற்றதன் நெற்றியை நக்குவதும், அருகருகே படுப்பதும் இணக்கத்தின் அறிகுறிகள். மிக எளிதில் இணங்குவது நலமடித்த ஆணும் ஒரு பெண்ணுமே. நலமடித்த பின்னும் ஆறு வாரம் வரை ஆண் சினைப்படுத்தக் கூடும். அக்காலம் கழியும்வரை பொறுத்தல் வேண்டும். குட்டி ஈனும் முயல் மட்டும் எப்பொழுதும் தனிக்கூட்டில் இருத்தலே தகும்.

வெப்பத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். முயல் வியர்த்து உடலைக் குளிர்விக்க மாட்டாது. 30 பாகை செல்சியசுக்கு மேல் அது வருந்தும். ஆண் தற்காலிக மலடாகவும் கூடும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் பகுதிகளில் தகரக் கூரையைத் தவிர்த்துக் கிடுகு வேய்ந்து, மரநிழலிற் கூட்டை அமைக்க. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் நீரும் தேவைப்படலாம். மரவள்ளி இலையை வாட்டிச் சிறிதளவே கொடுக்க. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக் குழையை எக்காரணங் கொண்டும் போடலாகாது.

ஒரே ஆணின் மகளையும் பேத்தியையும் அதனோடே சேர்ப்பதை விடுத்து, அயற் கிராமத்தவரோடு ஆண்முயலை மாற்றிக்கொள்ளுக. மிகையான ஆண்களை விற்கலாம், அல்லது இறைச்சிக்கெடுக்கலாம், காட்டில் திறந்துவிடலாகாது. 1859இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாப் பகுதியில் வேட்டைக்கென விடப்பட்ட சில முயல்கள் பெருகி, அந்நாட்டுக் கமக்காரரின் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் அழித்தன.