அகதி என்னும் சொல்



'அகதி' என்பது மிகச் சிறிய சொல். கதி என்றால் புகலிடம். அஃது இல்லாதவர் அகதி. பிழைப்பு நாடி வருபவரையும் அகதியையும் பலர் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். பனியன் தொழிலை நம்பித் தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் திருப்பூருக்கு வருவோர் பண்டிகைக்குத் தம் ஊர் சென்று திரும்பலாம். அகதியோ உயிரைக் காத்துக்கொள்ளப் புறப்பட்டவர். அவருக்குத் திரும்பும் வழி அடைபட்டிருக்கும்.

நம்மிடையே வாழும் இலங்கைத் தமிழ் அகதிகள் அத்தகையோர். 1983 ஜூலையில் அந்நாட்டில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல்களும், 2009 மே வரை நீடித்த போரும் அவர்களைத் துரத்தின. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். அதனைச் சிறு படகுகளில் கடந்தனர். படகு கவிழ்ந்து மாண்டோரும் உண்டு. கரையேறியோரிற் பலர் முதலில் மண்டபம் முகாமிலும், பின்னர் பவானிசாகர் போன்ற முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டனர். 1983 முதல் வந்தோர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர் என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

இம்மண்டபத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக இங்கேதான் தங்கவைத்தனர். அவர்தம் வழியினரில் மிகப் பலர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் குடியுரிமையை இழந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வடபகுதியிற் குடியேறினர். போர் அங்கிருந்தும் விரட்டவே, அகதிகளாக மண்டபத்துக்கு வந்தனர். பாட்டன் புறப்பட்ட துறையில் பேரன் அயலானாக வந்து நின்றான்.

1990இல், திருப்பூருக்கு அருகில் நான் ஆசிரியனாயிருந்த பள்ளியில், எட்டாம் வகுப்பில் அத்தகைய சிறுவன் ஒருவன் சேர்ந்தான். பேசுவதை அவன் 'கதைப்பது' என்பான், வகுப்பே சிரிக்கும். ஒரு மொழிக்குள் பல வழக்குகள் உண்டென்பதை விளக்க அவனுடைய சொற்களையே கரும்பலகையில் எழுதினேன். சில நாளில் சிரிப்பு அடங்கியது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். அக்கொடுஞ்செயல் புரிந்தோர்மீது எழுந்த சினம், அதில் எத்தொடர்பும் இல்லாத எளியோர்மீதும் பாய்ந்தது. பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், என் பையனை அவன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்" என்றார். "துப்பாக்கிக்கு அஞ்சி ஓடி வந்த பிள்ளை இவன், துப்பாக்கி ஏந்தி வந்தவன் அல்லன்" என்றேன். அவர் சமாதானம் அடையாமலே சென்றார். சிறுவனின் இடத்தை நான் மாற்றவில்லை. ஆயினும் பத்தாம் வகுப்பில் நன்கு தேறிய அவன், மேலே படிக்க இயலாமல், பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சேர்ந்தான். படித்திருக்க வேண்டிய விரல்கள் துணி மடித்தன.

தப்பெண்ணம் பிறப்பது இவ்வாறே. ஒருவர் செய்ததை ஓர் இனத்தின்மேல் ஏற்றுகிறோம். பின்னர் அவ்வினத்துக் குழந்தையையும் விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறோம்.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 1987 ஜூலை 1 முதல், இங்குப் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிட்டாது. பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி மேலும் இறுகியது. ஆகவே, தாயும் தந்தையும் அகதிகளாயின், முகாமிற் பிறந்து நம் பாடநூல்களையே படித்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவனே. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. பெயர் மாறியது நன்று, நிலையும் மாறவேண்டும்.

சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் மாணவராகிய உங்களிடம் இன்று இல்லை. ஆனால், வகுப்பறைப் பலகையில் பக்கத்து இடத்தை யாருக்கு அளிப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. புதிதாய் வந்தவன் பேச்சு விநோதமாய் ஒலித்தால், சிரிக்குமுன் அதன் பொருளைக் கேளுங்கள். கதியற்றவனுக்குக் கிடைக்கும் முதற் கதி அதுவே.