ஜீப்பும் அதன் மறுபெயர்களும்

மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் சாதாரணக் கார் புதைந்து தவிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதில் எஞ்சினின் விசை இரு சக்கரங்களுக்கே செல்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டியோ பெரும்பாலும் மீண்டுவிடும். எந்தக் கம்பெனி செய்ததாயினும் நமக்கு அது ‘ஜீப்’தான்!

இத்தாலியர் இவ்வகை வண்டியைச் ‘சாலைக்கு வெளியே’ எனப் பொருள்படும் ‘ஃபுவோரிஸ்திராதா’ என்பர். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951இல் தான் செய்த வண்டிக்கு ‘ஜீப்’ என்றே பெயர் சூட்டியது. அப்பெயர் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்துக்கு உரியதாகையால், 1954இல் அதனை ‘லேண்ட் குரூசர்’ என மாற்றிற்று. மிட்சுபிஷியின் ‘பஜேரோ’ ஸ்பானிய மொழியில் வாயால் கூறத்தகாத சொல்! ஆகவே அம்மொழி வழங்கும் நாடுகளில் அது ‘மொந்தேரோ’ ஆயிற்று. நம் திருவள்ளூரிலோ ‘பஜேரோ’ என்ற பெயருடனேயே உருவாக்கி விற்றனர். எவரும் முகம் சுளிக்கவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலைநகருக்கும் இக்கதையில் பங்குண்டு. தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ‘எவரெஸ்ட்’ எனப்படும் ஃபோர்டு வண்டி, இங்கிருந்து ‘எண்டெவர்’, அதாவது ‘முயற்சி’, என்னும் பெயரோடு வெளிவந்தது. 2022இல் அத்தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றது. அங்கு உழைத்த பலர் வேறு வேலை தேடிச் செல்ல நேர்ந்தது. அவர்கள் செய்த வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் ஓடுகின்றன. நம் வீட்டுச் சிறுவர் அவற்றையும் ‘ஜீப்’ என்றே கூவுகின்றனர்.